மலையேற எங்கே போகலாம், வழியில் யானை நின்றால் என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருக்கிறீர்கள். உங்களோடு மச்சானும் 14 வயது மகனும் வருகிறார்கள். பழனிப் படியைத் தவிர மூவரும் மலை ஏறியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே தொடங்கலாம், யானையோ கரடியோ எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மகனுக்கு யானையைப் பார்த்தே ஆக வேண்டுமாம்.

நான் பெரியகுளத்துப் பக்கத்துக்காரன். வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதே கொடைக்கானல் மலை தெரியும். இருபது வருடத்துக்கு மேல் நடந்துகொண்டிருக்கிறேன். இப்போது இறக்கம் என்றால் இடது முழங்கால் முனகுகிறது. நடந்ததில் தெரிந்துகொண்டது இதுதான்: யானை எதிரே வந்தபின் நம்மால் செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம். வராமல் பார்த்துக்கொள்ளத்தான் நிறைய வேலை இருக்கிறது. எந்தப் பாதை, எந்த மாதம், யார் முன்னால் நடப்பது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யும்போதே பாதி வேலை முடிந்துவிடும். அதனால் இடத்தையும் பாதுகாப்பையும் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அனுமதி. தமிழ்நாட்டுக் காட்டுக்குள் நினைத்த இடத்தில் நுழைந்து நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. 2024 அக்டோபரில் அரசே ‘டிரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டினால் அந்தந்த மலையைச் சேர்ந்த வழிகாட்டி கூட வருவார். கட்டணம் கூடுதல் என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்தப் பணம் வாங்கித் தருவது பாதையை அல்ல, முன்னால் நடக்கும் அந்த ஆளின் காதையும் மூக்கையும்.

இந்த ஏற்பாடெல்லாம் வருவதற்கு முன்னால் நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். 23 பேர் இறந்தார்கள். அன்று போடிப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ்கள் போய்க்கொண்டே இருந்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. மார்ச்சில் அந்தச் சரிவு முழுக்க இடுப்புயரத்துக்குக் காய்ந்த புல்தான். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும், ஏனென்றால் சுடர் சாய்ந்து மேலே உள்ள புல்லை முதலிலேயே காயவைத்துவிடுகிறது. மாட்டிக்கொண்டவன் மேலே ஓடினால் தீயோடு பந்தயம் வைத்த மாதிரி. பக்கவாட்டில் விலகிப் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை என்று ஒதுங்க வேண்டும். ஆனால் முதல் வேலை, அந்த மாதத்தில் புல்வெளிப் பக்கம் போகாமல் இருப்பது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பெரும்பாலான பாதைகளை வனத்துறை மூடிவிடுகிறது. ‘தெரிந்த ஆள் இருக்கிறார், ஏற்பாடு செய்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம். ஊர்ப்பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. கொடைக்கானலுக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன்பிருந்தே ஆளும் பொதியும் போய்வந்த பழைய தடங்களில் ஒன்று அது. டால்பின் நோஸ் பாறைவரை கூட்டம் இருக்கும். அதைத் தாண்டி இறங்கிவிட்டால் குதிரைக் குளம்படிச் சத்தம்தான். மூட்டையைச் சுமந்துகொண்டு குதிரை வரும்போது மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. வெள்ளகவியில் ஊரே கோவில் மாதிரி. ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. நாமும் கழற்றி இடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். நடந்து வீங்கிய காலில் குளிர்ந்த மண் படுகிற சுகத்துக்காகவே இன்னொரு தடவை போகலாம். ஆனால் இது இறக்கப் பாதை. ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், இறக்கத்தில்தான் முட்டி போகும். மச்சானுக்குத் தொப்பை இருந்தால் ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நீலகிரியின் மேல்பகுதி. அவலாஞ்சி, கோலாரிபெட்டா, பார்சன்ஸ் வேலி பக்கம். அது முற்றிலும் வேறு மலை. மடிப்பு மடிப்பாகப் புல்வெளி, மடிப்பின் இடுக்கில் கருநீலமாகச் சோலை. நம் மாநில விலங்கான வரையாட்டைப் பார்க்க வாய்ப்புள்ள இடம். 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031 வரையாடுகள்தான் தேறின. அங்கே விலங்கைவிடப் பனிமூட்டம்தான் எனக்குப் பயம். கண்ணெதிரே இருந்த குன்று ஐந்து நிமிடத்தில் காணாமல் போகும். எல்லாச் சரிவும் ஒரே மாதிரி தெரியும். மூடிவிட்டால் நின்றுவிட வேண்டும். நடந்துகொண்டே வழி தேடுகிறவன்தான் தொலைகிறான்.

மூன்றாவது இப்போதைக்கு வேண்டாம், இரண்டு வருடம் போகட்டும்: அகத்தியர்கூடம், பொதிகையின் சிகரம். 1,868 மீட்டர். கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து தொடங்கி, அதிருமலையில் தங்கி, மறுநாள் உச்சி. ஜனவரி நடுவில் தொடங்கும் சில வாரப் பருவத்துக்குத்தான் அனுமதி, முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசியில் கயிற்றைப் பிடித்து ஏறும் வழுக்குப்பாறைகள் உண்டு. அங்கே வழிகாட்டிகள் அந்த மலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள். 1987இல் அந்த மலைக்குப் போன ஆராய்ச்சியாளர்கள் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது, கூட வந்த காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயை மென்றபடி களைப்பில்லாமல் ஏறினார்கள். கேட்டு வாங்கித் தின்றுபார்த்துத்தான் அந்தக் காய் காய்க்கும் ஆரோக்கியப்பச்சை என்ற செடி வெளியுலகுக்குத் தெரியவந்தது. உங்கள் வழிகாட்டி எதையாவது பறித்து வாயில் போட்டால் நீங்களும் பறிக்காதீர்கள். அவர் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

வெள்ளியங்கிரியைப் பலரும் சொல்வார்கள். அது பக்திக்குப் போகிற இடம். ஏழு மலை, இரவோடு இரவாகக் கூட்டத்தில் ஏறுவது. முதல் நடையாக அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பயிற்சியே இல்லாமல் ஏறி மாரடைப்பில் போகிறவர்கள் செய்தி அநேகமாக ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது.

இனி யானை.

சில வருடங்களுக்கு முன் போடி மலையில் பளியர் என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு வழிகாட்டியோடு போயிருந்தேன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். காலை ஏழரை இருக்கும். பாதையில் லத்தி, அதாவது யானைச் சாணம், கிடந்தது. நான் தாண்டிப் போகக் காலைத் தூக்கினேன்; அவர் கையை நீட்டி மறித்தார். குனிந்து ஒரு உருண்டையைக் காலால் பிளந்தார். உள்ளே நாரும் மூங்கில் சக்கையும். புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார், நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. “சூடு இருக்கு மாப்ள” என்றார். அப்புறம் கொஞ்சம் புழுதியை எடுத்து விரலிடுக்கில் விட்டார். அது நாங்கள் வந்த பக்கமே பறந்தது. “காத்து நம்மளப் பாத்து அடிக்குது. நாம இருக்கறது அதுக்குத் தெரியாது. தெரியாம கிட்டப் போயிட்டா அது பதறும்” என்று ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணிநேரம். எனக்குப் பொறுக்கவில்லை, காட்டிக்கொள்ளவும் இல்லை. அப்புறம் கீழே பள்ளத்தில் மளாரென்று ஒரு கிளை முறிந்தது. இரண்டு பெட்டை, நடுவில் ஒரு குட்டி, பாதையைக் கடந்து ஓடைக்கு இறங்கின. நாங்கள் அவசரப்பட்டு நடந்திருந்தால் அந்த வளைவில்தான் இருந்திருப்போம். பின்னால் அந்த இடத்தைக் கடந்தபோது மரத்தில் என் தலைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் ஈரச்சேறு அப்பியிருந்தது.

யானைக்காட்டில் எனக்குத் தெரிந்த பாதுகாப்பு இவ்வளவுதான். லத்தியில் சூடு இருக்கிறதா, ஒடித்த கிளையின் பால் காய்ந்திருக்கிறதா, மாட்டுத்தொழுவம் மாதிரிக் காரமான வாசம் வருகிறதா, காற்று எந்தப் பக்கம். மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். அடுத்த சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை ஓர் அடி எடுத்துவைக்காதீர்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பைபாஸ் சாலையைக் கடப்பதற்குச் சமம். மகனிடம் இதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

அப்படியும் பார்த்துவிட்டால்? தூரத்தில் இருந்தால் சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்குங்கள், மரத்தையோ பாறையையோ நடுவில் விட்டுக்கொண்டு. காதை விரித்து, தும்பிக்கையைத் தூக்கி நம் பக்கம் நீட்டினால் அது வாசம் பிடிக்கிறது, இன்னும் கோபப்படவில்லை. ஆப்பிரிக்க யானையின் மரபணுக்களை ஆராய்ந்ததில், வாசனையை உணரும் மரபணுக்கள் நாய்க்கு இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது தெரிந்தது. நம் யானையும் மூக்கால்தான் உலகத்தைப் பார்க்கிறது. தலையை ஆட்டி, மண்ணை உதைத்து, நாலடி ஓடிவந்து நிற்பது மிரட்டல். தும்பிக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் அது மிரட்டல் இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் எண்ணெய் வழிகிற மாதிரி மதநீர் ஒழுகும் ஒற்றை ஆண்யானை என்றால், எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அன்றைய நடையை முடித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

ஓடலாமா? தாய்லாந்தில் யானைகளை ஓடவிட்டு அளந்தார்கள்: மணிக்கு 25 கிலோமீட்டர். முதுகில் பையோடு, உண்ணிச்செடிப் புதரில் நீங்களும் நானும் அதில் பாதி ஓடினால் பெரிது. விரட்டிவிட்டால் ஓடத்தான் வேண்டும், வேறு வழியில்லை. பையைக் கழற்றி வழியில் போட்டால் சிலசமயம் நின்று முகர்ந்து பார்க்கும், அந்த நேரம் கிடைக்கும். இறக்கத்தில் ஓடினால் யானையால் வர முடியாது, வளைந்து வளைந்து ஓடினால் குழம்பிவிடும் என்று சொல்வதையெல்லாம் நம்பி என் உயிரை நான் பந்தயம் வைக்கமாட்டேன். யானை இறங்கும் சரிவுகளை நான் பார்த்திருக்கிறேன்; ஆடு இறங்க யோசிக்கும்.

வால்பாறைப் பக்கம் போனால் ஒரு நல்ல ஏற்பாட்டைப் பார்ப்பீர்கள். தேயிலைத் தோட்டங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு. யானை அந்த வட்டாரத்தில் நின்றால் அங்குள்ளவர்களே கைப்பேசியால் அதை எரியவிடுவார்கள், குறுஞ்செய்தியும் போகும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் ஆய்வு அமைப்பு ஊர்க்காரர்களோடு சேர்ந்து செய்தது. அதன் ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. இங்கேயும் அதே கதைதான்: யானையை விரட்டும் கருவி இல்லை, யானை இருக்கிறது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் விளக்கு. அது எரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், அவ்வளவே.

கரடியின் கணக்கு வேறு. அது கறையான் புற்றில் மூஞ்சியைப் புதைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது நாம் பின்னால் போய் நின்றாலும் தெரியாது. தெரிந்த நொடியில் பயந்து பாயும், பெரும்பாலும் முகத்தை நோக்கி. மலைக்காரர்கள் சிலர் புலியைவிடக் கரடிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். ஆக, யானைக்கு அமைதியாகக் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். கரடிக்குச் சத்தம் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். முரண்தான். வழிகாட்டிகள் இதைச் சமாளிக்கும் விதம் அழகு: நேர்ப்பாதையில் பேச்சில்லை, காதுதான் வேலை செய்யும். வளைவு வந்தால், புதர் அடர்ந்தால், புதிதாகக் கிளறிய புற்று தெரிந்தால் மட்டும் ஒரு செருமல், கம்பால் கல்லில் ஒரு தட்டு. கரடி மரம் ஏறும். அதனால் மரத்தில் ஏறித் தப்பிக்கும் யோசனை வேண்டாம். மேலே விழுந்தேவிட்டால் குப்புறப்படுத்து, பின்கழுத்தைக் கைகளால் மூடி, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பை முதுகிலேயே இருக்கட்டும்.

காட்டெருமையில் நான் பாடம் படித்தது என் தவறால். கொடைக்கானலில் அது கடைத்தெருவிலேயே நிற்கும், சுற்றுலா வந்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது வெள்ளை சாக்ஸ் போட்ட மாடாகிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் காட்டுப்பாதையில் வேகமாக ஒரு திருப்பத்தில் திரும்பினேன். பத்தடியில், புதருக்குள், ஒற்றைக் காளை. புஸ்ஸென்று ஒரு மூச்சு. ஒரு டன் எடையை அவ்வளவு பக்கத்தில் பார்த்தால் காலுக்கு மறதி வந்துவிடுகிறது. அது பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடம்பையும் காட்டியது. நான் பின்னாலேயே நகர்ந்து ஒரு மரத்துக்குப் பின்னால் போனேன். அதுவாகப் போய்விட்டது. அன்றிலிருந்து ஊருக்குள் நிற்பதையும் காட்டில் நிற்பதைப் போலவே நடத்துகிறேன்.

சிறுத்தையையும் புலியையும் நீங்கள் பார்ப்பது கடினம். பார்த்தால் ஓடாதீர்கள், குனியாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். சின்ன உருவம்தான் சிறுத்தையின் கண்ணில் இரையாகப் படும். மகனை வரிசையின் நடுவில் நடக்கவிடுங்கள், கடைசியில் வேண்டாம்.

பாம்புக்கு வருகிறேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வுக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் வயலிலும் வீட்டைச் சுற்றியும் கடிபட்ட கிராமத்து மக்கள், மலையேறப் போனவர்கள் இல்லை. கட்டையைத் தாண்டும்போது மேலே ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கால்வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத பாறையிடுக்கில் கைவைக்காதீர்கள், ஷூவைப் போடுமுன் தட்டுங்கள். கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். கடிபட்ட கைகாலை அசையாமல் வைத்து, ஆளையும் நடக்கவிடாமல் தூக்கி இறக்கி, 108. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திலிருந்து செய்வது. அந்த விஷத்தை எடுத்துத் தருவதில் மாமல்லபுரத்துப் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு. மலைக்காட்டுக் குழிவிரியன்களுக்கு அந்த மருந்து ஏற்றதல்ல. அதனால் கடித்தது எது என்று தெரிவது மருத்துவருக்கு உதவும். தூரத்திலிருந்து ஒரு படம் போதும், அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

மலைத்தேனீயை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. பாறை முகட்டில் கருப்பாக அடை தொங்கினால் கீழே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். புகை, சென்ட் வாசம் இரண்டும் ஆகாது. தேனீக்கள் கிளம்பிவிட்டால், மேலே சொன்ன பெரும்பாலானவற்றுக்கு மாறாக, ஓடுங்கள். முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல். ஒரு தேனீ கொட்டிய இடத்து வாசம் மற்றவற்றைக் கூப்பிடும்.

அட்டை ஒன்றும் செய்யாது. நகத்தால் ஓரத்தில் நெம்பினால் விழும், கொஞ்ச நேரம் ரத்தம் வழிந்து நிற்கும். அதற்கென்று முட்டிவரை வரும் துணி உறை விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாம். உண்ணி அப்படியில்லை. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் முதலில் தெரிந்த குரங்குக் காய்ச்சல் உண்ணியால்தான் பரவுகிறது. குரங்கு செத்துக் கிடந்தால் அந்த இடத்தில் நிற்க வேண்டாம். வேறு நுண்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலில் அக்குள், இடுப்பு மாதிரி மறைவிடத்தில் சிகரெட் சுட்ட மாதிரிக் கருப்புப் பொருக்கு ஒன்று இருக்கும். நடை முடிந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக “காட்டுக்குப் போயிருந்தேன்” என்று சொல்லுங்கள். சென்னையில் அதை நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது.

மகனின் ஆசைக்கு ஒரு வழி சொல்கிறேன். வெள்ளகவிக்கு முன்னால் ஒரு நாள் ஆனைமலையில் இருக்கும் டாப்ஸ்லிப் போய், கோழிகமுத்தி முகாமில் வளர்ப்பு யானைகளைக் காட்டுங்கள். காலையில் குளிப்பாட்டி, சோற்றுருண்டை கொடுக்கும் நேரத்தில் போனால் நன்றாக இருக்கும். படம் எடுத்து முடித்ததும் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, பாகனிடம் கேட்டுப் புது லத்தி கிடக்கும் பக்கம் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். மூக்கைப் பொத்துவான். விடாதீர்கள். அந்த வாசம் அவனுக்கு மறக்காமல் இருந்தால், அடுத்த மாதம் காட்டில் உங்கள் மூவரில் முதலில் நிற்பவன் அவனாகத்தான் இருப்பான்.